கம்பி கட்டிய பாட்டில்

கடிதம் நவம்பர் கடைசியில் வந்தது. அம்மா அதைப் பிரிக்காமல் ரொட்டிப் பெட்டியின்மேல் சாய்த்து வைத்துவிட்டுக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய்விட்டாள். நான்தான் பிரித்தேன்.

தோட்டச் சங்கத்தின் செயலாளர் மிஸ்டர் ஆக்டன் கைப்பட எழுதியிருந்தார். சங்கம் வாடகைக்கு விட்ட பதினேழாம் எண் நிலத்துண்டு காலஞ்சென்ற கிளிஃபர்ட் ஹேக்கின், அதாவது என் அப்பாவின், பெயரில் இருக்கிறது. ஏப்ரலுக்குப் பிறகு அங்கே யாரும் மண்ணைத் தொடவில்லை. களை விதைகள் பக்கத்துத் துண்டுகளுக்குப் பறக்கின்றன. ஜனவரி கடைசி ஞாயிறு காலை பதினோரு மணிக்குக் குழுவினர் மூவர் வந்து பார்ப்பார்கள். அன்றைக்கு முக்கால் பங்கு நிலமாவது களையில்லாமல் கொத்தியிருக்க வேண்டும். பாதை தெளிவாக இருக்க வேண்டும். கொட்டகைக்குள் கம்பி, கயிறு, உடைந்த கண்ணாடி என்று குப்பை இருக்கக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தால் துண்டு குடும்பத்தின் பெயருக்கு மாறும். இல்லையென்றால் சாவியைத் திருப்பித் தர வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் பதினோரு பேர் இருக்கிறார்கள்.

சாயங்காலம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து கேட்டாள். கோபப்படவில்லை. அப்பா இறந்த பிறகு கோபப்படுவதற்கும் அவளுக்குத் தெம்பில்லை. தோட்டத்திலிருந்து பானைக்கு ஏதாவது வரும்வரை நான் வீட்டில் இருக்கலாம் என்றும், தோட்டம் போய்விட்டால் மறு திங்கட்கிழமையே நான் பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னாள். அதில் நியாயம் இருந்தது. எனக்கு அப்போது பதினாறு முடிய இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை கடினம் என்று நான் பயப்படவில்லை. காலை ஏழு மணிக்கு வாசலில் இருநூறு பெண்கள் வரிசையாக நிற்பார்கள். மேற்பார்வையாளர் எண்ணைக் கூப்பிடுவார். நாம் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பள்ளியில் எனக்கு நடந்ததும் இதுதான். எழுந்து நின்று வாசி என்றால் தொண்டை கதவைச் சாத்திக்கொண்டதுபோல ஆகிவிடும். முப்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருமுறை ஆசிரியை மணி அடிக்கும்வரை என்னை அப்படியே நிற்க வைத்தார். அதற்கப்புறம் நான் போகவில்லை. தோட்டத்தில் மட்டும் எனக்குக் குரல் இருந்தது. அங்கே லீக்ஸ் வெங்காயச் செடிகளிடமும், மண் கிளறும் கவைமுள்ளின் பின்னாலேயே புழுவுக்கு வரும் சிவப்பு நெஞ்சுக் குருவியிடமும் முழு வாக்கியங்களாகவே பேசுவேன்.

அதனால் டிசம்பர் முதல் தேதியே போனேன்.

ஒரு கோடை முழுவதும் ஆளில்லாமல் கிடந்த நிலம் எப்படியிருக்கும் என்று நான் யோசித்திருக்கவில்லை. முட்கொடிகள் பாதையின் குறுக்கே வளைந்து இறங்கி மறுபக்கம் வேர் பிடித்திருந்தன. முட்டைக்கோஸ் வரிசை இருந்த இடத்தில் இடுப்பளவு காய்ந்த தண்டுகள். அதற்கெல்லாம் அடியில் சீமை அருகம்புல். மேலே பார்த்தால் கொஞ்சம் புல்தான். கீழே வெள்ளை நூலாக, பாதத்துக்குக் கீழே பாய் விரித்ததுபோல, ரயில் வேலிவரைக்கும் ஓடியிருந்தது. காலை பத்து மணிவரை மண் உறைந்து இரும்பாக இருக்கும். நாலு மணிக்கு இருட்டிவிடும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் நான் மண்வெட்டியால் வெட்டி வெட்டிப் புரட்டினேன். மூன்று நாளில் ஒரு பாத்தி கறுப்பாக, அழகாகத் தெரிந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

நாலாம் நாள் பக்கத்துத் துண்டுக்காரர் மிஸ்டர் ஹெலிவெல் வேலி ஓரமாக வந்து நின்றார். ஒல்லியான மனிதர், மனைவி இல்லை, வாயில் எப்போதும் அணைந்த பைப். சங்கத்தின் குழுவில் அவரும் ஒருவர். அப்பாவும் அவரும் இருபது வருஷம் ஒருவர் வெங்காயத்தை ஒருவர் கேலி செய்துகொண்டு பக்கத்துப் பக்கத்தில் உழைத்தவர்கள்.

"தெல்மா, நீ பண்றது களையெடுப்பா, இல்லே களை வெதைக்கிறதா?"

நான் மண்வெட்டியைக் கீழே வைத்தேன். அவர் வேலியைத் தாண்டி வந்து, நான் கொத்திய பாத்தியில் கையை விட்டு ஒரு பிடி மண்ணை எடுத்தார். அதில் விரல் நீளத்துக்கு ஏழெட்டு வெள்ளைத் துண்டுகள் இருந்தன.

"ஒண்ணா இருந்த வேரை எட்டா வெட்டி வெச்சிருக்கே. மார்ச்சுல எட்டும் ராஜா மாதிரி எந்திரிச்சு நிக்கும். உங்கப்பன் பாத்தா பொட்டியை ஒடச்சிக்கிட்டு வருவான்."

தன் கவைமுள்ளை அங்கேயே குத்திவிட்டுப் போனார். குழுவில் இருக்கிறவர் யாருக்கும் உதவக் கூடாது என்பதால், தான் உதவவில்லை, கவைமுள்ளை மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். அடுத்த ஏழு வாரமும் அதை மறந்தே இருந்தார். தினமும் எதையாவது மறக்க வந்தார். மண்ணைக் கவைமுள்ளால் தூக்கி உலுக்கி, வேரை அறுக்காமல் நூல் இழுப்பதுபோல இழுக்க அவர்தான் காட்டினார். மூன்று நாள் வேலையை மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

ஜனவரி மூன்றாம் வாரம் நிலம் முடிந்தது. மிச்சம் கொட்டகை.

அப்பா போனபிறகு அதற்குள் யாரும் நுழையவில்லை. ஒட்டடையைத் தட்டினேன். துருப்பிடித்த தகரங்களை வண்டியில் ஏற்றினேன். ஜன்னல் பலகையில் ஆறு பழுப்புப் பாட்டில்கள் தூசியோடு நின்றன. அப்பாவின் பார்ஸ்னிப் ஒயின். எங்கள் தோட்டங்களில் எல்லா ஆண்களும் எதையாவது புளிக்க வைப்பார்கள். சிலர் ரூபார்ப் தண்டு, சிலர் காட்டுப் பழம். அப்பா பார்ஸ்னிப் கிழங்கில் செய்வார். அது கேவலமாக இருக்கும் என்று ஊருக்கே தெரியும். பாட்டிலுக்குள் மறுபடி பொங்கித் தக்கை பறக்காமல் இருக்கக் கழுத்தில் கயிறு கட்டுவார். ஐந்தில் கயிறு இருந்தது. ஆறாவதில் கம்பி, மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சில் ஒரு ஆணி செருகியிருந்தது. கயிறு தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். கடிதத்தில் கம்பி, கயிறு கூடாது என்று எழுதியிருந்தது. எல்லாவற்றையும் வெட்டி வாளியில் போட்டேன். பாட்டில்களை வினிகர் விட்டுத் துடைத்துப் பலகையில் வரிசையாக வைத்தேன். ஆறும் ஒரே மாதிரி பளபளத்தன. கதவருகே நின்று பார்த்தேன். எதுவும் குறையாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மிஸ்டர் ஹெலிவெல்லும் நானும் கடைசிக் களைக் குவியலை எரித்தோம். குவியலை இருந்த இடத்திலேயே கொளுத்தக் கூடாது. அடியில் முள்ளெலி தூங்கும். அதனால் ஒவ்வொரு கொத்தாக எடுத்துப் பத்தடி தள்ளி அடுக்கிய பிறகுதான் தீ வைத்தோம். முள்ளெலி எதுவும் இல்லை. எரிந்து அடங்கும்போது மணி இரண்டரை இருக்கும். பனிமூட்டத்தில் புகை மேலே போகாமல் தரையோடு படுத்துக் கிடந்தது. அவர் நிலத்தைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்து, நாளைக்கு ஆக்டன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாலும் ஒரு குறையும் கிடைக்காது என்றார்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் துண்டைச் சுத்தம் செய்ய யார் கை கொடுக்கிறாரோ, அவருக்கு இறந்தவர் செய்த ஒயினில் ஒரு பாட்டில் தர வேண்டும். அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. தோட்டத்திலேயே மற்றவர்களோடு பகிர்ந்து குடித்து, கடைசி வாயை மண்ணில் ஊற்ற வேண்டும். அவர் கேட்கவில்லை. நானே கொட்டகைக்குள் போய், இருந்ததிலேயே அதிகம் பளபளத்த, ஓரத்துப் பாட்டிலை எடுத்து வந்து நீட்டினேன்.

அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "மூணரைக்குக் குழுக் கூட்டம் இருக்கு. அங்கேயே தெறந்துடறோம். செத்தும் எங்களைக் கொல்லப் பாக்கறான் உங்கப்பன்."

நான் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் அந்தச் சிரிப்பு என்னோடு இருந்தது.

அம்மா அடுப்படியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்தது என்றேன். நிலம், பாதை, கொட்டகை என்று வரிசையாகச் சொன்னேன். ஒயின் கொடுத்ததையும் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு கத்தியை நிறுத்தாமல், சாதாரணமாகத்தான் கேட்டாள்:

"கம்பி கட்டுனதைத் தொடலதானே?"

என்ன கம்பி என்று நான் கேட்டேன். எனக்குத் தெரிந்தும் கேட்டேன்.

வேலியோரப் புல்லுக்காக அப்பா பண்ணையிலிருந்து களைக்கொல்லி வாங்கி வந்தாராம். தண்ணீர் கலக்காதது. ஒரு வாய் போனால் போதும், மருத்துவமனையாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று பண்ணைக்காரர் சொல்லியிருக்கிறார். பார்க்க ஒயின் மாதிரியே மஞ்சளாக இருக்கும், வாடையும் பெரிதாக இருக்காது. வெள்ளையில் பட்டால் மட்டும் பச்சையாக ஓரம் கட்டும், அப்பாவின் விரல் ஒரு வாரம் பச்சையாக இருந்தது என்றாள் அம்மா. யாரும் தவறிக்கூடத் திறக்கக் கூடாது என்றுதான் கம்பியைச் சுற்றி ஆணியைச் செருகினாராம்.

"அந்தக் கம்பியை நான் எடுத்துட்டேம்மா."

அம்மாவின் கையில் பாதி சீவிய கிழங்கு இருந்தது. அவள் அதை மெதுவாகத் தண்ணீருக்குள் விட்டாள். "ஓடு," என்றாள்.

மணி மூன்று ஐம்பது. ஓடினேன். தெருவில் உறைபனி வழுக்கியது. இரண்டு இடத்தில் விழுந்தேன். ஓரத்துப் பாட்டில் எது, கம்பி இருந்த பாட்டில் எது என்று நினைவைத் துழாவினேன். துடைக்கும்போது எல்லாவற்றையும் கீழே இறக்கி வைத்திருந்தேன். திரும்ப அடுக்கும்போது எது எங்கே போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

தோட்டத்தின் இரும்புக் கதவு மேட்டின் உச்சியில் இருக்கிறது. அங்கிருந்து துண்டுகள் சரிந்து இறங்கும். பாதை முழுவதும் இறங்கினால்தான் கடைசியில் ரயில் வேலி, அதன் பக்கத்தில் சங்கத்தின் மரக்குடில். குடிலின் ஜன்னலில் மண்ணெண்ணெய் விளக்கு மஞ்சளாகத் தெரிந்தது. நான் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

அந்தக் கதவில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு விதி எழுதியிருக்கிறது. நாலு வருஷம் முன்னால் ஒரு உறுப்பினரின் நாய் யாரோ ஒருவர் கொட்டகையிலிருந்த எதையோ நக்கிச் செத்துப்போனது. அதிலிருந்து அந்த விதி. பெயர் ஒட்டாத விஷம் எந்தக் கொட்டகையில் இருந்தாலும் அந்த வாரமே சாவியைக் கொடுத்துவிட வேண்டும். விதிவிலக்கு இல்லை. சிறு வயதிலிருந்து அதைத் தாண்டித்தான் போய் வருகிறேன். அன்றைக்குத்தான் முழுவதும் படித்தேன்.

உள்ளே போய்ச் சொன்னால் தோட்டம் போய்விடும். குடிலில் இருக்கும் மூன்று பேரும்தான் நாளைக்குப் பார்க்க வருகிறவர்கள். திங்கட்கிழமை ஏழு மணிக்கு நான் வரிசையில் நிற்பேன். சொல்லாமல் இருந்தால்? பாட்டில்கள் ஆறு. அவர்கள் கையில் இருப்பது ஒன்று. அது ஒயினாகவே இருக்கலாம். ஆறில் ஐந்து பங்கு ஒயின்தான். ஒயினாக இருந்தால், நாளைக்கு விடிவதற்குள் நான் வந்து மற்றதை எடுத்துப் புதைத்துவிட்டால், யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை.

கீழே சரக்கு ரயில் வந்தது. நிலக்கரி வண்டிகள். நான் எண்ணினேன். எண்ணி முடியும்வரை எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்று இருந்தது. இருபத்து மூன்று. கடைசி வண்டியின் சிவப்பு விளக்கு பனிக்குள் போய் மறைந்தது. அதன் பிறகும் கொஞ்சம் நின்றேன். பிறகுதான் தாழ்ப்பாளைத் தூக்கினேன்.

பாதையில் இறங்கும்போதே மிஸ்டர் ஹெலிவெல்லைப் பார்த்தேன். குடில் வாசலில் குனிந்து பாட்டிலிலிருந்து கடைசி வாயை மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றிவிட்டுக் குழாயடிக்குப் போய்ப் பாட்டிலைக் கழுவ ஆரம்பித்தார். ஒயின் செய்கிறவர்கள் காலிப் பாட்டிலை ஒரு நிமிஷம்கூடக் கழுவாமல் வைக்க மாட்டார்கள். கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவர் பாட்டிலை மூன்று தரம் அலசி, உதறி, வாசல் ஆணியில் தலைகீழாக மாட்டிவிட்டு உள்ளே போனார். நான் அவர் பின்னாலேயே நுழைந்தேன்.

மிஸ்டர் ஆக்டன் மேசையில் பேரேட்டை விரித்து வைத்திருந்தார். ரயில் சிக்னல் அறையில் வேலை பார்க்கும் பருத்த நார்மன் அடுப்புக்குப் பக்கத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். மூன்று தகரக் குவளைகள். மூன்றும் காலி.

"பரிசோதனை நாளைக்குத்தான்மா," என்றார் ஆக்டன். "முன்னாடியே வந்து கெஞ்சறதெல்லாம் கணக்குல வராது."

"கெஞ்சணும்னா வாய் வேணுமே," என்றார் நார்மன். "இந்தப் பொண்ணு பேசி நான் கேட்டதே இல்ல."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது பேர் வகுப்பறை, மணி, எல்லாம் திரும்ப வந்தது. என் முழங்காலில் ரத்தம் வழிவதை ஹெலிவெல்தான் முதலில் கவனித்தார். அவர் முகம் மாறியது. காத்திருந்தார்.

"அது ஒயினா இல்லாம இருக்கலாம்," என்றேன்.

அந்த வார்த்தைகள் வந்த பிறகு மற்றதும் வந்தது. பண்ணை, கம்பி, ஆணி, வினிகர், எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

ஆக்டன் தன் குவளைக்குள் பார்த்தார். நக்கியதுபோலச் சுத்தமாக இருந்தது. "ருசி எப்படியிருந்துச்சு?" என்று மற்றவர்களைக் கேட்டார்.

"கண்றாவியா இருந்துச்சு," என்றார் நார்மன். "கிளிஃப் ஒயின் எப்பவும் கண்றாவிதானே. அதை வெச்சு என்னத்தைக் கண்டுபிடிக்கறது?"

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திவிட்டார்கள்.

ஆக்டன் நார்மனை ரோட்டுத் தொலைபேசிக்கு ஓடச் சொன்னார். நார்மன், தொலைபேசிக் கூண்டுக்குள் தனியாக விழுந்து சாகத் தன்னால் முடியாது என்றார். அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கொட்டகை முப்பது தப்படி தூரத்தில்தான் இருக்கிறது, மிச்சம் ஐந்து பாட்டில்களில் விஷம் இருந்தால் நாம் குடித்தது ஒயின், அதை முதலில் பார்ப்போம் என்றார் ஹெலிவெல். விளக்கை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போனார். பின்னால் ஆக்டன், அப்புறம் வெறுங்காலோடு நார்மன். பூட்ஸ் போட அவருக்கு நினைவில்லை.

விதை முளைக்கப் போடும் வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று கொட்டகையில் இருந்தது. அதையும் நான்தான் துடைத்துப் பளபளக்க வைத்திருந்தேன். வெள்ளையில் பச்சை ஓரம் கட்டும் என்று அம்மா சொன்னதைச் சொன்னேன். ஹெலிவெல் முதல் பாட்டிலின் தக்கையைப் பிடுங்கித் தட்டில் கொஞ்சம் ஊற்றினார். விளக்கை ஆக்டன் பிடித்தார். மஞ்சள், வைக்கோல் நிறம். அவ்வளவுதான்.

தட்டைத் துணியால் துடைத்தேன். இரண்டாவது. மஞ்சள்.

ஆக்டன் தொப்பியைக் கழற்றினார். எதற்கென்று தெரியவில்லை. அவர் நெற்றியில், அந்தக் குளிரில், வியர்வை இருந்தது. நார்மன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, எரிகிற மாதிரி இருக்கிறது என்றார். ஆக்டன் அவரைப் பேசாமலிருக்கச் சொன்னார்.

மூன்றாவது பாட்டிலின் தக்கை வரவில்லை. ஹெலிவெல் பல்லால் கடித்து இழுக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஆளைத் தொட்டு நிறுத்துவது எனக்கு அதுதான் முதல் தடவை. கத்தியால் தக்கையைக் கிளறி எடுத்தோம். ஊற்றினார். மஞ்சள்.

இரண்டுதான் மிச்சம். ஹெலிவெல் இப்போது தட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் என்னால் தாங்க முடிந்திருக்கும். இல்லை. அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கிய நாளில் அவர் கண் எப்படியிருந்ததோ அப்படி இருந்தது. நாலாவதை எடுத்தார். பாட்டிலின் வாய் தட்டின் விளிம்பில் டிக் டிக் என்று தட்டியது. அதுவும் மஞ்சளாகத்தான் விழுந்தது. தட்டின் நடுவில் குளம்போல நின்றது. ஆக்டன் விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார். குளத்தின் ஓரத்தில், மெல்ல, மை ஊறுவதுபோலப் பச்சை படர்ந்தது.

அவர்கள் குடித்தது ஒயின்தான். நார்மன் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். பனித்தகடு உடைந்து அவர் கால்சட்டை நனைந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. ஹெலிவெல் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தார். திரும்பி வந்து, வாளியிலிருந்து அந்தக் கம்பியைப் பொறுக்கிப் பாட்டிலின் கழுத்தில் சுற்றப் பார்த்தார். விரல் ஒத்துழைக்கவில்லை. நான் வாங்கிச் சுற்றினேன். மூன்று சுற்று. ஆணியையும் செருகினேன்.

"கதவுல எழுதியிருக்கறது உனக்குத் தெரியும்," என்றார் ஆக்டன்.

தெரியும் என்றேன்.

அன்றிரவு நான் அம்மாவோடு படுத்துக்கொண்டேன். இருவரும் தூங்கவில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு மூவரும் வந்தார்கள். முந்தின நாள் எதுவும் நடக்காததுபோல ஆக்டன் நிலத்தில் நாலு இடத்தில் குச்சியைக் குத்திப் பார்த்தார். மண்ணைக் கிளறி வெள்ளை வேர் தேடினார். கிடைக்கவில்லை. பாதையை அளந்தார். பிறகு மூவரும் வேலியோரம் போய் நெடுநேரம் பேசினார்கள். நான் கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தொழிற்சாலை வாசல் கண்முன்னால் தெரிந்தது. நார்மன் ஒருமுறை குரலை உயர்த்தியது காதில் விழுந்தது:

"அவ வாயை மூடிக்கிட்டு வீட்லயே இருந்திருந்தா நமக்கு என்ன தெரியப் போவுது? அந்தப் பாட்டில் இங்கேயே நின்னிருக்கும். அடுத்த தடவை நீதான் குடிச்சிருப்பே."

ஆக்டன் வந்து சொன்னார். விதி விதிதான். கொட்டகையும் ரயில் வேலிப் பக்கத்துப் பாதியும் சங்கத்துக்கு. பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போகும். நானே வந்து சொன்னதால் மேல் பாதி எங்களுக்கு. விஷத்தை அவரே நகராட்சி ஆளிடம் ஒப்படைப்பார். பேரேட்டைத் திறந்து, யார் பெயருக்கு என்று கேட்டார். என் பெயர் அவருக்கு நான் பிறந்த நாளிலிருந்து தெரியும். ஆனாலும் வாடகைக்காரர் தன் வாயால் சொல்ல வேண்டும், அதுதான் முறை. மூன்று பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெல்மா ஹேக்," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொருமுறை சொன்னேன்.

ஹெலிவெல் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. எதையும் மறக்கவும் வரவில்லை. பிப்ரவரி நடுவில் ஒரு நாள், நான் சின்ன வெங்காயம் நடக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, வேலியில் சாய்ந்து நின்று, கோடு பாம்பு மாதிரி போகிறது என்றார். எனக்கு மூச்சு வந்தது. கயிற்றை இழுத்துச் சரி செய்தேன். அவர் பைப்பைத் தட்டிக்கொண்டே பழையபடி பேச ஆரம்பித்தார். நார்மன் இப்போது டீயைக்கூட வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்துத்தான் குடிக்கிறாராம்.

"அன்னிக்கு நீ முன்னாடி வராததும் நல்லதுதான். மொதல் சுத்து குடிச்சிட்டு மூடி வெச்சிட்டோம். போதும், மிச்சத்தை மண்ணுல ஊத்திடலாம்னுதான் இருந்தோம். அப்ப சரக்கு வண்டி வந்துச்சு. மேசையெல்லாம் ஆடுச்சு. சிந்திடப் போவுதுன்னு நார்மன் எடுத்து எல்லாருக்கும் இன்னொரு குவளை ஊத்திட்டான். வண்டி போய் முடியறதுக்குள்ள குடிச்சிட்டோம்." அவர் சிரித்தார். "வண்டிக்கு முன்னாடி நீ வந்திருந்தா அந்த ரெண்டாவது குவளை போயிருக்கும். எவ்வளவு வேகமா ஓடி வந்தே, முட்டியெல்லாம் பேத்துக்கிட்டு."

நான் குனிந்து மண்ணில் குழி போட்டேன். ஒரு வெங்காயத்தை வைத்தேன்.

"ஓடித்தான் வந்தேன்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுத் தன் துண்டுக்குப் போனார். கீழே ரயில் வரும் சத்தம் கேட்டது. நான் நிமிரவில்லை. எண்ண வேண்டாம் என்று நினைத்தேன். எண்ணிக்கொண்டேதான் இருந்தேன்.